பிழை பொறுக்கும் அயர்ன் மட்டைகள்

கோல்ஃப் பந்து மட்டை முகத்தின் நடுவில் படாதபோதும் தூரமும் திசையும் அதிகம் கெடாதபடி, எடையைத் தலையின் ஓரங்களுக்குப் பரப்பிச் செய்யப்படுபவை பிழை பொறுக்கும் அயர்ன்கள். ஒருவர் பையில் அதிகபட்சம் 14 கிளப்கள் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. அவற்றில் ஏறக்குறைய பாதி அயர்ன்களாகவே இருக்கும். ஆடப் பழகி, ஸ்கோர் மெல்ல இறங்கத் தொடங்கிய ஆட்டக்காரர் எந்த அயர்னுக்கு மாறலாம் என்பதற்குக் கொங்குப் பகுதியில் தனியாகவே விடை தேட வேண்டும். பல்லடத்துக்கு மேற்கே, செட்டிபாளையத்தில், கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானம் இருக்கிறது. மழை குறைந்த வட்டாரம் இது. கோடையிலும் ஆடியிலும் காற்று ஓயாது. ஈரப் புல்தரையை எண்ணிச் செய்த மட்டை இங்கே அப்படியே பொருந்திவிடாது.

எடையும் திருகலும்

பந்தும் முகமும் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதற்குள், அடி நுனிப்பக்கம் பட்டால் தலை பின்னோக்கித் திருகிக்கொள்கிறது. வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்பக்கம் விலகுகிறது, வேகமும் இழக்கிறது. இந்தத் திருகலை எதிர்க்கும் பண்பே நிலைமத் திருப்புத்திறன். நிறை மையத்திலிருந்து எடை இருக்கும் தொலைவின் இருமடியைப் பொறுத்து அது கூடுகிறது. ஒரு கிராம் இரும்பை இரண்டு மடங்கு தொலைவுக்கு நகர்த்தினால் அதன் பங்கு நான்கு மடங்காகும். தலையின் மொத்த எடையைக் கூட்டாமலே பலன் கிடைப்பது இதனால்தான். முதுகைக் குடைந்தெடுத்து, மிஞ்சும் எஃகை ஓரங்களுக்கும் அடிப்பாகத்துக்கும் அனுப்புகிறார்கள். நிறை மையம் தாழ்ந்து பின்னால் போவதால் பந்து எளிதில் மேலெழுகிறது.

இதை உலகெங்கும் பரப்பியவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1959இல் பிங் என்ற பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) செய்தவர், அதே எண்ணத்தை அயர்னுக்கும் கொண்டுவந்தார். 1982இல் வெளிவந்த பிங் ஐ2 தொழில்முறை வீரர்களின் பையிலும் புதியவர்களின் பையிலும் ஒருசேர இடம்பிடித்தது. சுத்தியலால் அடித்து வடிக்கும் பழைய முறையில் இப்படிக் குழிந்த வடிவத்தைக் கொண்டுவருவது கடினம். மெழுகு வார்ப்பு அதைச் சாத்தியமாக்கியது: மெழுகில் உருவம் செய்து, மேலே ஓடு கட்டி, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் படிமங்களை வார்ப்பதும் அடிப்படையில் இதே நுட்பத்தால்தான். அங்கே ஓடு வண்டல் மண், இங்கே பீங்கான் கலவை.

கடினத் தரையில் அடிப்பாகம்

அடிப்பாகத்தின் அகலத்தைப் பலர் கவனிப்பதில்லை. பந்துக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிவிடும் ஆட்டக்காரருக்கு அகன்ற அடிப்பாகம் துணை. மென்மையான தரையில் அது புதையாமல் வழுக்கிச் செல்லும். உதகை ஜிம்கானா கிளப் மைதானம் போன்ற மலைப் புல்வெளிகளில் இது நன்றாகவே உதவும். காய்ந்து இறுகிய சமவெளித் தரையில் அதே அகலம் தரையில் மோதித் துள்ளுகிறது. மட்டையின் முன்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் படுகிறது, பந்து தரையோடு சீறிப் போகிறது. ஆகவே மிக அகன்ற அடிப்பாகத்தையும் பவுன்ஸ் கோணம் (அடிப்பாகம் முன்விளிம்புக்குக் கீழே இறங்கும் சாய்வு) கூடியதையும் இந்தப் பக்கத்து ஆட்டக்காரர் தவிர்ப்பது நல்லது. நடுத்தர அகலம், முன்னும் பின்னும் சற்றே உருட்டிய விளிம்பு: இதுவே பொருத்தம். புல்விரிப்புப் பாயில் அடித்துப் பார்த்து வாங்கினால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது; பாய் எல்லா அடிப்பாகத்தையும் வழுக்க விடும்.

காற்று

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு விலகி நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அந்த வழியாகத்தான் கொங்குச் சமவெளிக்குள் பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். பந்தை உயர எழுப்புவதையே பெருமையாகச் சொல்லும் அயர்ன், எதிர்க்காற்றில் பந்தை மேலே ஏற்றி அங்கேயே தொங்கவிட்டுவிடும். அடியின் வேகம் குறைந்தவருக்கு உயரம் தேவைதான். ஏற்கெனவே பந்தை நன்றாக எழுப்புபவர் நிறை மையம் மிகவும் தாழ்ந்த பெரிய தலைகளைவிட, ஓர எடை கொண்ட கச்சிதமான தலையைத் தேர்வது மேல்.

தூரக் கணக்கு

கடையில் காணும் பெரிய குழப்பம் லாஃப்ட் எனப்படும் முகச் சாய்வு. முன்பு 7ஆம் எண் அயர்ன் 34 முதல் 36 பாகை வரை சாய்ந்திருந்தது. இன்றைய பிழை பொறுக்கும் வகைகளில் பல 28 முதல் 30 பாகைதான். பந்து கூடுதல் தூரம் போவதில் பெரும்பங்கு இந்தச் சாய்வுக் குறைவுக்கே உரியது. இதைப் பிழை பொறுக்கும் தன்மை என்று எண்ணி வாங்கக் கூடாது. அயர்ன் தொடரில் அடங்கிய குறுந்தூர மட்டையான பிட்சிங் வெட்ஜ் 43 பாகையாக இறங்கி, பழைய சாண்ட் வெட்ஜ் 56இல் நின்றால், நடுவே 13 பாகை வெற்றிடம் விழும். 49 அல்லது 50 பாகையில் ஒரு கேப் வெட்ஜ் சேர்த்தே தீர வேண்டும்.

மட்டையின் தண்டான ஷாஃப்டைப் பொறுத்தவரை எஃகு ஏறத்தாழ 95 முதல் 130 கிராம், கிராஃபைட் 50 முதல் 80 கிராம். மணிக்கட்டு, முழங்கை வலி உள்ளவருக்கு கிராஃபைட் அதிர்வைக் குறைக்கும்.

தேர்வு

முகத்தில் டால்கம் பவுடர் மெல்லப் பூசி அடித்தால் பந்து பட்ட இடம் தெளிவாகத் தெரியும். அடிகள் முகமெங்கும் சிதறினால் பெரிய தலை, சற்று அதிக ஆஃப்செட் (முன்விளிம்பு தண்டுக்குப் பின்தள்ளி இருப்பது). ஒரே பக்கமாகக் குவிந்தால் குறை பெரும்பாலும் மட்டையின் நீளத்திலோ, தண்டு தரையோடு செய்யும் லை கோணத்திலோ, நிற்கும் தொலைவிலோ இருக்கும், அதைப் பெரிய தலையால் மூடுவது வீண். மெழுகு வார்ப்பில் பயன்படும் 17-4 வகைத் துருப்பிடிக்காத எஃகு வளைக்கக் கடினமானது. லை கோணத்தை வாங்குமுன்பே சரிபார்க்க வேண்டும். மென்கார்பன் எஃகில் அடித்து வடித்தவற்றை இரண்டு பாகை வரை பின்னர் வளைத்துக்கொள்ளலாம்.

முன்னேறும் ஆட்டக்காரருக்குக் கலப்புத் தொடர் மிகவும் ஏற்றது: 8, 9, பிட்சிங் வெட்ஜ் ஆகியவை கச்சிதமானவை, 5 முதல் 7 வரை அகன்ற குழிமுதுகு கொண்டவை, 3, 4 எண்களுக்குப் பதில் ஹைப்ரிட் (அயர்னுக்கும் மர மட்டை வகைக்கும் இடைப்பட்டது). நீண்ட மட்டையில்தான் நடு தவறுவது அதிகம். பொறுக்கும் தலை அங்கேதான் தேவைப்படுகிறது.