கிரகணத்தைக் கைக்கொண்ட பொறிகள்

கிழக்கிலங்கைக் கரையிலே நிகழ்ந்த வானாராய்ச்சிகளுள் 1871 ஆம் ஆண்டு டிசெம்பர் 12 ஆந் திகதி நடைபெற்றது நினைவுகூரத்தக்கது. அன்று தோன்றிய முழுச் சூரிய கிரகணத்தை ஆராய இங்கிலாந்து அரசினர் அனுப்பிய குழுவைச் சேர்ந்த மோஸ்லி என்பார், மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே திருக்கோணமலைப் பகுதியில் நின்று நிறமாலைகாட்டியாற் சூரியனை நோக்கினார். சூரியனைச் சூழ்ந்துள்ள மகுடம் என்னும் மெல்லொளி அதன் வட்டவொளியில் ஏறக்குறையப் பத்திலக்கத்தில் ஒரு பங்கே. சந்திரன் மறைக்குஞ் சில நிமிடங்களிலன்றி அது வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. 1955 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆந் திகதிக் கிரகணத்துக்கும் பிறநாட்டறிஞர் இலங்கைக்குக் கருவிகளோடு வந்தனர். முகில் குறுக்கிட்டது. பலர் வெறுங்கையோடு மீண்டனர்.

சந்திரனுக்காகக் காத்திராது, தொலைநோக்கியினுள்ளே சிறு தட்டொன்றை வைத்துச் சூரிய வட்டத்தை மறைக்கலாமென 1930 இல் பிரான்சு நாட்டு லியோ காட்டினார். ஆயினும், வளிமண்டலஞ் சிதறும் ஒளி பெருந்தடையாயிற்று. ஆகவே, கருவியை விண்ணுக்கு ஏற்றவேண்டிய தேவை பிறந்தது.

வாவியில் ஓடும் இயந்திரத் தோணி நடுவழியில் நின்றாலுந் துடுப்பு வலித்துக் கரைசேரலாம். செய்மதிக் கருவியின் மூடி திறவாதொழியின், அதைத் தட்டித் திறக்க அங்கே யாருளர்? ஏவும்போது உண்டாகும் அதிர்ச்சி, வெற்றிடம், ஒரு புறம் வெயில் மறுபுறம் கடுங்குளிர் ஆகிய யாவற்றையுந் தாங்கி, கீலும் வில்லும் பிசகாது இயங்கவேண்டும். சாதாரண எண்ணெய் வெற்றிடத்தில் ஆவியாகிக் கண்ணாடியிற் படியும். ஆதலின் மொலிப்டினம் இருசல்பைட்டு முதலிய திண்ம உராய்வுநீக்கிகளைக் கையாளுவர். உறுப்பொன்றை ஆயிரக்கணக்கான சிறுகூறுகளாகக் கணனியிற் பகுத்து, ஒவ்வொன்றின் தகைப்பையுங் கணிப்பர். அதன் இயல்பதிர்வு ஏவுகலத்தின் அதிர்வோடு ஒத்திசையாவண்ணம் வடிவைத் திருத்துவர். கணிப்பை மட்டும் நம்பிவிடுவதுமில்லை. அதிர்வு மேடையிலும் வெற்றிட அறையிலும் மெய்ப்பொருளையே சோதிப்பர்.

2023 செப்டெம்பர் 2 இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆதித்யா எல்-1 கலத்திலே, பெங்களூர் இந்திய வானியற்பியல் நிலையத்தார் ஆக்கிய மகுடநோக்கி உண்டு. அதில் மறைதட்டு இல்லை. ஆடியொன்றின் நடுத்துளை வழியே சூரிய வட்டத்தின் ஒளி வெளியேற்றப்பட, மகுடவொளி மட்டும் மேற்செல்கிறது.

தட்டைத் தொலைநோக்கிக்கு முன்னே வெகுதூரத்தில் நிறுத்துதல் வேறொரு வழி. தட்டின் விளிம்பிற் கோணலுறும் ஒளி அதனாற் குறையும்; சூரிய விளிம்பை அண்டியும் நோக்கலாம். ஆனால் நூற்றைம்பது மீற்றர் நீளக் குழாயை விண்ணுக்கு ஏற்றுவதெங்ஙனம்? ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தார் குழாயையே நீக்கிவிட்டனர். 2024 டிசெம்பர் 5 ஆந் திகதி சிறீஹரிக்கோட்டாவிலிருந்து இந்திய ஏவுகலம் கொண்டு சென்ற புரோபா-3 இரு கலங்களாலானது. ஒன்று 1.4 மீற்றர் விட்டமுடைய தட்டைத் தாங்க, மற்றது 150 மீற்றர் அப்பால் அதன் நிழலில் நின்றது. இடைத்தூரம் மில்லிமீற்றர் நுட்பத்திற் பேணப்பட்டது. அவ்வாறெடுத்த மகுடப் படங்கள் 2025 ஜூனில் வெளிவந்தன. மோஸ்லிக்குச் சில நிமிடமே வாய்த்த கிரகணம், இக்கலங்களுக்கு ஒரு சுற்றில் ஆறு மணி நேரம்வரை நீடிக்குமாறு திட்டமிடப்பட்டிருந்தது.