இருபது வருஷம் கூட இருந்த ஆமை... விடைகொடுக்க சரியான நேரம் எது? முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

ஸ்கூல் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. அப்போ ஒரு நாணயம் அளவுதான் இருந்திருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு, கழுத்தில் மஞ்சள் வரிகள். கடைக்காரர் `இது இதுக்கு மேல வளராது' என்று சொல்லியிருப்பார். நீங்கள் காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம்கூட ஆகியிருக்கலாம். அது மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து, அதே ஹாலில், அதே டேங்க்கில் இருக்கிறது.

அதன் பெயர் ரெட் இயர்டு ஸ்லைடர், அதாவது சிவப்புக் காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 முதல் 30 வருஷம், சில சமயம் அதற்கு மேலும் வாழும். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் அது வயதாகி, சாப்பாட்டை விட்டு, ஒரு மூலையிலேயே கிடக்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறோம்.

வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ``பாவம், இயற்கையா போகட்டும் விடு.'' நாய், பூனைக்கே இதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆமைக்கு இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

ஆமை மெதுவாகத்தான் சாகும்

ஆமையின் உடல் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யும். செரிமானம், இதயத்துடிப்பு, காயம் ஆறுவது எல்லாமே மெதுவாகத்தான். குறைந்த ஆக்ஸிஜனில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். சாப்பிடாமல் பல வாரங்கள், சில நேரம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆரோக்கியமாக இருக்கும்போது இது வரம். தீராத நோய் வந்தால் இதுவே சாபம். நாய்க்குச் சில நாள்களில் முடிகிற வேதனை, ஆமைக்குச் சில மாதங்கள் நீளலாம்.

இன்னொன்று, அது கத்தாது, முனகாது. வலியைக் காட்டினால் வேட்டையாடும் விலங்கு வந்துவிடும் என்பதால், காட்டில் மறைத்தே பழகிய உயிரினம் அது. ``அமைதியாதானே இருக்கு, வலி இல்லபோல'' என்று நினைப்பது தப்புக் கணக்கு. தலையையும் காலையும் உள்ளிழுத்தபடியே இருப்பது, தொட்டால் வழக்கத்துக்கு மாறாகக் கடிக்க வருவது, வெயில் காய ஏறாமல் இருப்பது, ஒரு காலை மட்டும் ஊன்றாமல் நடப்பது... இவைதான் அதன் மொழி.

முதலில், இது முதுமைதானா?

20 வயது என்பது நோய் அல்ல. `வயசாயிடுச்சு' என்று நாம் முடிவுகட்டும் பல விஷயங்கள் சரிசெய்யக் கூடியவை. கருணைக்கொலை பற்றி யோசிக்கும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

* குளிர்: ஊர்வன தாமாக உடலைச் சூடாக்கிக்கொள்ள முடியாது. ஏசி ஓடும் ஹாலில் டேங்க் இருந்தாலே பசி போய்விடும். தண்ணீர் சுமார் 25 டிகிரி செல்சியஸும், வெயில் காயும் இடம் 30 டிகிரிக்குச் சற்று மேலும் இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

* கண் வீக்கம்: வருஷக்கணக்கில் ஒரே உலர் தீனி போட்டால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாததால் சாப்பிடாது. சிகிச்சை உண்டு.

* மெத்தென்ற ஓடு: கால்சியமும் வெயிலும் போதாததால் வரும் எலும்பு நோய். தொடக்கத்தில் பிடித்தால் கட்டுப்படுத்தலாம்.

* சாய்ந்து நீந்துவது, மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது: நுரையீரல் தொற்றாக இருக்கலாம். அவசரமாக டாக்டரைப் பார்க்க வேண்டும்.

* முட்டை: ஆண் ஆமையே இல்லாமலும் பெண் ஆமை முட்டை வைக்கும். இட இடமில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டால் சாப்பிடாது, நிம்மதியில்லாமல் அலையும். ஓர் எக்ஸ்-ரேயில் தெரிந்துவிடும்.

மாறாக, சிறுநீரகம் பழுதாகி மூட்டுகளில் உப்பு படிவது, உள்ளுறுப்பில் பரவிவிட்ட கட்டி, எலும்புவரை அரித்துவிட்ட ஓட்டுப் புண், சிகிச்சை கொடுத்தும் திரும்பாத பக்கவாதம்... இவற்றில்தான் `போதும்' என்ற பேச்சு வருகிறது. எது எது என்பதை எக்ஸ்-ரேயும் ரத்தப் பரிசோதனையும் சொல்லும். நம் ஊகத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

எந்த டாக்டரிடம் போவது?

நாய், பூனை பார்க்கும் எல்லா டாக்டர்களும் ஆமை பார்ப்பதில்லை. போன் செய்து, ``ஆமைக்கு எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பீங்களா, மயக்க மருந்து கொடுத்துப் பழக்கம் இருக்கா?'' என்று நேரடியாகவே கேளுங்கள். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியோடு பெரிய மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றால் அங்கே விசாரியுங்கள்.

டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: குணமாக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? எத்தனை வாரம் சிகிச்சை? அதுவரை வலி குறைய என்ன தருவீர்கள்? இது உங்கள் ஆமையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். மாதச் சம்பளத்தில் பாதியை ஆமைக்குச் செலவழிக்க எல்லோராலும் முடியாது. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். உங்களால் முடிந்ததற்குள் எது சிறந்தது என்று அப்போதுதான் அவர் சொல்ல முடியும்.

ஏழு கேள்விகள், எழுபது மார்க்

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ், நோயுற்ற செல்லப்பிராணிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஓர் அளவுகோல் உருவாக்கினார். ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 மார்க். மொத்தம் 35-க்கு மேல் வந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அதன் கணக்கு. அது நாய், பூனைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஆமைக்கு இப்படிப் பொருத்திப் பார்க்கலாம்.

1. வலி: மருந்துக்கு வலி கட்டுப்படுகிறதா? மூச்சு விடச் சிரமப்படுகிறதா?
2. பசி: தானாகச் சாப்பிடுகிறதா, குழாய் வைத்து ஊட்டினால்தானா?
3. நீர்ச்சத்து: கண் குழி விழுந்திருக்கிறதா? தோல் தளர்ந்து தொங்குகிறதா?
4. சுத்தம்: தன் கழிவிலேயே கிடக்கிறதா? புண் ஆறுகிறதா?
5. ஆர்வம்: உங்களைப் பார்த்ததும் நீந்தி வருமே, அந்தப் பழக்கம் இருக்கிறதா?
6. நடமாட்டம்: தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி மூச்சு விட முடிகிறதா? வெயில் காயும் மேடைக்கு ஏறுகிறதா?
7. நல்ல நாள்கள்: இந்த வாரம் நல்ல நாள் அதிகமா, கெட்ட நாள் அதிகமா?

ஆமை விஷயத்தில் ஒரு நாள் மார்க்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எல்லாமே மெதுவாக மாறும் என்பதால், தினமும் பார்க்கும் நம் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. போனில் ஒரு நோட் திறந்து வாரம் ஒருமுறை மார்க் போடுங்கள். கிச்சன் எடை மெஷினில் ஒரு டப்பாவோடு வைத்து எடையைக் குறியுங்கள். ஒரு போட்டோவும் எடுங்கள். நான்கு வாரம் கழித்து வரிசையாகப் பார்த்தால், மனசு ஒத்துக்கொள்ள மறுத்ததை எண்கள் சொல்லிவிடும்.

கூடவே ஒரு கெடுவும் வையுங்கள். ``இந்த மருந்து நாலு வாரம். அதுக்குள்ள தானா சாப்பிடலைன்னா, எடை ஏறலைன்னா முடிவெடுப்போம்'' என்று டாக்டரும் நீங்களும் வீட்டில் இருப்பவர்களும் பேசி முன்பே எழுதி வைத்துவிடுங்கள். கெடு இல்லாவிட்டால் `இன்னும் ஒரு வாரம்' என்பது ஆறு மாதம் ஆகிவிடும். அந்த ஆறு மாதமும் ஆமைக்குத்தான் கஷ்டம்.

செய்யவே கூடாதவை

ஃப்ரீசரில் வைப்பது: ``குளிர்ல தூங்கிடும், வலிக்காது'' என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். முழு நினைவோடு இருக்கும் ஆமையை உறைய வைப்பது மனிதாபிமான முறை இல்லை என்பதே கால்நடை மருத்துவர்களின் நிலைப்பாடு. விலங்கைத் தேவையில்லாத கொடூரமான முறையில் கொல்வது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கோயில் குளத்திலோ ஏரியிலோ விடுவது: `புண்ணியம்' என்று தோன்றலாம். வாழ்நாள் முழுக்க கையால் ஊட்டி வளர்த்த நோயாளி ஆமை, அங்கே பசியால்தான் சாகும். பிழைத்தால் அடுத்த சிக்கல். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டில் இருப்பது ஓட்டில் நட்சத்திரக் கோடுகள் உள்ள இந்திய நட்சத்திர ஆமை என்றால் கதையே வேறு. அதை வீட்டில் வைத்திருப்பது 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம்தான் பேச வேண்டும்.

அந்த நாளில் என்ன நடக்கும்?

முதலில் மயக்க ஊசி. ஆமையின் உடலில் மருந்து மெதுவாகத்தான் ஏறும். அதனால் இதமான சூட்டில் வைத்துப் பொறுமையாகக் காத்திருப்பார்கள். முழு மயக்கம் வந்த பிறகே உயிரை நிறுத்தும் மருந்தைச் செலுத்துவார்கள்.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். மூளை செயலிழந்த பிறகும் ஆமையின் இதயம் நீண்ட நேரம் துடிக்கலாம், கால் அசையலாம். அது வலியால் வரும் அசைவு அல்ல. இதனால்தான் டாக்டர்கள் டாப்ளர் கருவி வைத்து இதயத்துடிப்பைச் சரிபார்ப்பார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போதே மூளையின் செயல்பாட்டை முழுமையாக நிறுத்தும் இன்னொரு படியையும் செய்வார்கள். ``இறந்துடுச்சுன்னு எப்படி உறுதி பண்ணுவீங்க?'' என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் தானாக இறந்துபோனதாகத் தோன்றினாலும் உடனே புதைக்க வேண்டாம். குளிரில் விறைத்துக் கிடக்கும் ஆமை செத்ததுபோலவே இருக்கும். டாக்டரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். ஊசி போட்டு இறந்த ஆமையின் உடலில் மருந்து தங்கியிருக்கும். நாயோ காகமோ தின்றால் அவற்றுக்கும் ஆபத்து. அதனால் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதையுங்கள். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் மருத்துவமனையிலேயே ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவ மறக்காதீர்கள். ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பவை.

அதன் பிறகு

`ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று ஆரம்பத்தில் இருந்தே முணுமுணுத்த சொந்தக்காரர், ``ஒரு ஆமைக்கா அழற?'' என்று கேட்கக்கூடும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இருந்து முதல் சம்பளம்வரை பக்கத்தில் இருந்த உயிர் அது. அழுகை வந்தால் அழுங்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் `தூங்குது' என்று சொல்லாதீர்கள். அடுத்த நாள் தூங்கவே பயப்படும். ``ரொம்ப உடம்பு சரியில்ல, மருந்து கொடுத்தும் சரியாகல, வலிக்காம இருக்க டாக்டர் உதவி பண்ணினார், இனிமே வராது'' என்று நேராகச் சொல்லலாம். குழந்தைகள் புரிந்துகொள்வார்கள்.

உங்கள் ஆமை இப்போது நன்றாக இருக்கிறதா? இதையெல்லாம் யோசிக்க அதுதான் நல்ல நேரம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடை போட்டு, தேதியோடு போனில் குறித்து வையுங்கள். ஆமை பார்க்கும் ஒரு டாக்டரின் நம்பரையும் கூடவே சேமித்து வையுங்கள்.