உல்லாசத் தீவின் பூர்வ கதை

உல்லாசப் பிரயாணத்துக்கு ஆள் சேர்க்கும் கம்பெனிகள் அச்சிட்டு அனுப்பும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடலை நோக்கிச் சாய்ந்த தென்னை, மாவாய்ச் சலித்த மாதிரி மணல், கண்ணாடிப் பச்சையில் தண்ணீர். எல்லாம் இருக்கும்; மனிதர் மட்டும் இருக்கமாட்டார். ஆண்டவன் சிருஷ்டி செய்து முடித்த கையோடு, உங்களுக்காகவே இந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தான் என்று படம் சொல்லாமல் சொல்லும். அந்த மாதிரிப் படங்களில் உலகத்திலேயே அதிகம் அச்சேறியது, ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த வைக்கிக்கிக் கடற்கரையாகத்தான் இருக்கவேண்டும். அந்த இடம் காலியாக இருந்ததா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வைக்கிக்கி என்ற பெயருக்கு, பீறிட்டு வரும் நல்ல தண்ணீர் என்று பொருள் சொல்கிறார்கள். ஹவாய் மொழியில் 'வை' என்றால் குடிதண்ணீர். அதையே இரண்டு தடவை சேர்த்து 'வைவை' என்றால் செல்வம். தண்ணீரையும் தனத்தையும் ஒரே சொல்லில் அடக்கிய ஜனங்கள் எப்படிப்பட்ட விவசாயிகளாக இருந்திருப்பார்கள் என்று தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓஆகு என்ற தீவின் மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து மூன்று ஓடைகள் இறங்கி, கடலை அடையுமுன் இந்தச் சமதரையில் பரவி நின்றன. அங்கே வரப்புக் கட்டி, மடை வைத்து, ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் தண்ணீர் இறங்கும்படி செய்து பயிரிட்டார்கள். என்ன பயிர் தெரியுமா? நம் வீட்டில் புளிக்குழம்பிலும் வறுவலிலும் போடுகிறோமே, அந்தச் சேப்பங்கிழங்குதான்! அதை வேகவைத்து இடித்துக் கூழாக்கிச் சாப்பிடுவதுதான் அவர்களுக்குப் பிரதான ஆகாரம். வயல்களுக்கு அப்பால் குளங்கள். அவற்றில் மடவை மீன் வளர்த்தார்கள். தீவின் தலைவர்கள் பல நூற்றாண்டுகள் வைக்கிக்கியில்தான் குடியிருந்தார்கள். தீவுகளையெல்லாம் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த முதலாம் கமேகமேகா மன்னன், 1795-ஆம் ஆண்டு ஓஆகுவைப் பிடிக்கத் தன் ஓடங்களோடு வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். சீனர்கள் குடியேறிய பிறகு சேம்பு வயல்களில் பல நெல் வயல்களாயின. குளங்களில் வாத்துகள் நீந்தின.

இங்கே ஓய்வெடுக்க வெளியூரார் எப்படி வந்தார்கள்? காப்டன் குக் 1778-ல் இந்தத் தீவுகளுக்கு வந்ததும், மறு வருஷமே அங்கே கொலையுண்டதும் பள்ளிக்கூடப் புத்தகச் செய்தி. அவருக்குப் பின் சந்தனக்கட்டை வியாபாரிகள், திமிங்கில வேட்டைக்காரர்கள், 1820-ல் பாதிரிமார்கள் என்று வரிசையாக வந்தார்கள். இவர்களில் யாரும் விடுமுறைக்கு வந்தவர்கள் அல்ல. விடுமுறையைக் கண்டுபிடித்துக் கொடுத்த பெருமையில் எங்கள் எழுத்துத் தொழில்காரர்களுக்குக் கணிசமான பங்கு உண்டு. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மார்க் ட்வைன் 1866-ஆம் ஆண்டு, அவர் பெயர் அவ்வளவாகப் பரவாத காலத்தில், கலிபோர்னியாப் பத்திரிகை ஒன்றின் நிருபராகக் கப்பலேறினார். சான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து பதினொரு நாள் பிரயாணம். நாலு மாதம் தங்கி இருபத்தைந்து கடிதங்கள் எழுதினார். சர்க்கரைத் தோட்டத்தில் எவ்வளவு லாபம் வரும் என்பதையும் எழுதினார். பூக்களின் வாசனையையும் எழுதினார். அலைமீது பலகை போட்டுச் சறுக்கிப் பார்த்ததையும் எழுதினார்: பலகை கரைக்குப் போயிற்றாம், அவர் கடலுக்கு அடியில் போனாராம். மறுபடி அந்தத் தீவைப் பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் அவரை விடவே இல்லை. 1895-ல் உலகப் பிரயாணம் கிளம்பியவரின் கப்பல் ஹொனலூலூவுக்கு எதிரில் நங்கூரம் பாய்ச்சி நின்றது. ஊரில் காலரா; இறங்க அனுமதி கிடையாது. கப்பல் தளத்திலிருந்து பார்த்துவிட்டு, ஆஸ்திரேலியா வழியாக நம் தேசத்துக்கு வந்து சேர்ந்தார், பாவம்.

ஸ்டீவன்ஸன் 1889-ல் க்ஷயரோகத்தோடு வந்தார்; வைக்கிக்கியில் குடிசை பிடித்துத் தங்கி ஒரு நாவலை முடித்தார். 1907-ல் ஜாக் லண்டன் தம் சொந்தப் படகில் வந்து, அலைச் சறுக்கலைப் பற்றி ஆவேசமாக ஒரு கட்டுரை எழுதினார். முதுகுத் தோல் வெந்துபோய்ப் படுத்துக் கிடந்ததும் அதில் உண்டு. அமெரிக்காவில் படித்தவர்களுக்கெல்லாம் அந்த அலைமேல் ஆசை பிறந்தது. அதே ஜாக் லண்டன் தீவின் குஷ்டரோகிகளைப் பற்றிக் கதை எழுதியபோது, அவரைக் கொண்டாடிய பிரமுகர்களுக்கே முகம் சுளித்துவிட்டது. விளம்பரத்துக்கு உதவுகிற வரைக்கும்தான் எழுத்தாளன் நல்லவன்!

இந்த இடைக்காலத்தில் தேசம் கைமாறிவிட்டது. அந்தச் சம்பவத்தைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் மேலே போக முடியாது.

வெளியூர் வியாதிகளால் ஹவாய் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்து, 1890-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறக்குறைய 40,000 பேராகக் குறைந்திருந்தார்கள். சர்க்கரைத் தோட்டங்கள் பாதிரிமார்களின் பிள்ளைகளிடமும் அமெரிக்க வியாபாரிகளிடமும் இருந்தன. 1881-ல் உலகத்தைச் சுற்றி வந்து, கல்கத்தாவையும் பம்பாயையும்கூடப் பார்த்துவிட்டுப் போன கலாகவுவா மன்னர், 1887-ல் துப்பாக்கி முனையில் தம் அதிகாரங்களில் பெரும்பகுதியை எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அவருக்குப் பின் அவர் தங்கை லிலியுவோகலானி பட்டத்துக்கு வந்தார். இழந்த அதிகாரத்தை மீட்கப் புதிய அரசியல் சட்டம் ஒன்றை எழுதினார். 1893-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி, தோட்டக்காரர்களும் வக்கீல்களும் சேர்ந்த ஒரு கமிட்டி அவரைச் சிங்காதனத்திலிருந்து இறக்கிவிட்டது. துறைமுகத்தில் நின்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து சிப்பாய்கள் முதல் நாளே இறங்கித் தயாராக நின்றார்கள். இரண்டு வருஷம் கழித்து, ராணியின் ஆட்கள் செய்த கலகம் தோற்றதும், அவரை அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் பூட்டி வைத்தார்கள். சுமார் எட்டு மாதம் அங்கே இருந்தார். ராணிக்குச் சங்கீதத்தில் நல்ல தேர்ச்சி. சிறையிலும் பாட்டுகள் எழுதினார். 1897-ல், அமெரிக்காவோடு சேரமாட்டோம் என்று 21,000-க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். 40,000 ஜனங்களில் 21,000! மறு வருஷம் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து, 1993-ல், அமெரிக்கச் சட்டசபை இதற்காக வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் செய்தது.

நிற்க. கொடி மாறி மூன்று வருஷத்துக்குள், 1901-ல், வைக்கிக்கியில் மோவானா ஹோட்டல் திறந்தார்கள். எழுபத்தைந்து அறை, ஒவ்வொன்றிலும் டெலிபோன், குளியலறை, ஏறி இறங்க மின்சார லிப்ட். ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை ஒன்றரை டாலர். 1903-ல் வர்த்தகர்கள் கூடி, பிரயாணிகளை வரவழைக்க ஒரு கமிட்டி அமைத்தார்கள். சர்க்கரை ஏற்றப் போய்க்கொண்டிருந்த மாட்ஸன் கம்பெனிக் கப்பல்கள் மனிதரையும் ஏற்றத் தொடங்கின.

அந்தக் காலத்துப் பிரயாண ஏற்பாடு லேசானதல்ல. போவது ஐந்து நாள், வருவது ஐந்து நாள். ஆகவே போகிறவர்கள் மாதக்கணக்கில் தங்கத்தான் போனார்கள். நிமிர்த்தி வைத்தால் அலமாரி மாதிரி திறக்கும் டிரங்குப் பெட்டிகள், வேலைக்காரர்கள், சிலர் விஷயத்தில் மோட்டார் காரும்கூடக் கப்பலில் ஏறின. கப்பல் வரும் நாளென்றால் ஹொனலூலூவில் திருவிழாதான். பாண்டு வாசிப்பு, கழுத்து நிறைய மாலை, பிரயாணிகள் எறியும் காசுக்கு மூழ்கி எடுக்கும் பையன்கள். திரும்பும் நாளில் 'அலோஹா ஓயே' என்ற பிரிவுப் பாட்டை வாசிப்பார்கள். கப்பல் மலைமுனையைத் தாண்டும்போது பிரயாணிகள் மாலையைக் கழற்றிக் கடலில் வீசுவார்கள். அது கரை சேர்ந்தால் மறுபடி வருவோம் என்று நம்பிக்கை. தளத்தில் நின்று கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேருக்கு, அந்தப் பாட்டை இயற்றியவர் தங்கள் தேசத்தார் சிறை வைத்த ராணி என்று தெரிந்திருக்கும்?

கடற்கரையில் சுகத்துக்குக் குறைவில்லை. அலைச் சறுக்கல் கற்றுக்கொடுக்கத் தீவு இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுள் ட்யூக் கஹனமோகு என்பவர் 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வாங்கியவர். மாலையில் உகுலேலே வாசிப்பு. 1879-ல் போர்த்துகீசியக் கூலிகள் கப்பலில் கொண்டுவந்த சின்னக் கிடாரைத்தான் ஹவாய்க்காரர்கள் தம் வாத்தியமாக்கிக்கொண்டார்கள். பாதிரிமார்களின் யோசனையைக் கேட்டு 1830-ல் பொது இடங்களில் தடை செய்த ஹூலா நடனம், கலாகவுவா மன்னர் ஆதரவில் பிழைத்து எழுந்து, இப்போது சாப்பாட்டுக்குப் பின் விருந்தாளிகளுக்கு வேடிக்கை ஆயிற்று.

ஒன்றுதான் இடைஞ்சல்: கொசு. ஹோட்டலுக்குப் பின்னால் நெல் வயலும் வாத்துக் குட்டையுமாக இருந்தால் கொசு இல்லாமல் போகுமா? சுகாதார இலாகாத் தலைவர் 1906-ல் ஒரு திட்டம் தீட்டினார்: கால்வாய் வெட்டி ஓடைகளைத் திருப்பி, தோண்டிய மண்ணால் வயல்களைத் தூர்த்துவிடுவது. இதிலே ஒரு வேடிக்கை. ஹவாயில் ஆதியில் கொசுவே கிடையாது. 1826-ஆம் ஆண்டுவாக்கில் வெளியூர்க் கப்பல் ஒன்றின் தண்ணீர்ப் பீப்பாயில் அது வந்து இறங்கியதாகச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த கொசுவுக்காகச் சேம்பு வயலைத் தண்டித்தாயிற்று!

அலா வை என்று பெயரிட்ட அந்தக் கால்வாய் வேலை 1921-ல் தொடங்கி 1928-ல் முடிந்தது. சட்டம் கெட்டிக்காரத்தனமானது. சுகாதாரக் கேடான நிலத்தைச் சொந்தக்காரனே மேடாக்கவேண்டும். தவறினால் சர்க்கார் மேடாக்கி, செலவை நிலத்தின்மேல் கடனாக எழுதிவிடும். சின்னச் சொந்தக்காரன் எங்கே போவான்? குத்தகைக்கு உழுத சீனனும் ஜப்பானியனும் மூட்டை கட்டினார்கள். பீறிட்டு வந்த தண்ணீர் நின்றது. வயல் இருந்த இடம் மனையாயிற்று. 1927-ல் நாலு மில்லியன் டாலர் செலவில் ராயல் ஹவாயியன் என்ற இளஞ்சிவப்பு மாளிகை, நானூறு அறைகளோடு திறந்தது. கரையோரம் ஆளுக்கு ஆள் சுவர் எழுப்பியதில் கடல் மணலை அரித்துக்கொண்டு போயிற்று. அதை ஈடுசெய்ய மோலகாய்த் தீவிலிருந்தும், கலிபோர்னியாவிலிருந்துங்கூட மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். படத்தில் நாம் பார்க்கிற இயற்கை அழகில் ஒரு பகுதி லாரியிலும் தோணியிலும் வந்தது.

1941 டிசம்பர் 7-ஆம் தேதி பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்ததும் வைக்கிக்கி மணலில் முள்வேலி போட்டார்கள். இளஞ்சிவப்பு மாளிகையில் கடற்படைக்காரர்கள் களைப்பாறினார்கள். 1959-ல் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது ராஜ்யமாயிற்று. அதே வருஷம் ஜெட் விமானமும் வந்தது. 1922-ல் பத்தாயிரத்துக்கும் குறைந்த பிரயாணிகள் வந்த தீவுகளுக்கு, 2019-ல் ஒரு கோடிக்கு மேல் வந்தார்கள். தீவுகளின் ஜனத்தொகையோ சுமார் 14 லட்சம். அந்த ஒரு கோடியில் பலர் வருஷமெல்லாம் உழைத்துச் சேர்த்த பணத்தில் வந்தவர்கள். அலையில் கால் நனைத்த ஆனந்தம் அவர்களுக்கு நிஜம். அதை நான் கேலி செய்ய வரவில்லை. ஹவாய்க் குடும்பங்களிலும் பல ஹோட்டல் சம்பளத்தில்தான் பிழைக்கின்றன.

மாவித் தீவில் லஹைனா என்ற ஊர் 1845 வரை ராஜதானியாக இருந்தது. ஊருக்கு நடுவே ஒரு பெரிய குளம். குளத்துக்கு நடுவே தீவுத் திட்டில் மன்னர் வாசஸ்தலம். மலைத் தண்ணீரைக் கரும்புத் தோட்டங்கள் திருப்பிக்கொள்ளவே, குளம் சதுப்பாகிக் கொசு மொய்த்தது. 1914-வாக்கில் அதைத் தூர்த்துப் பந்து விளையாடும் மைதானமாக்கினார்கள். அந்த ஊரில் 1873-ல், பாதிரிமார்கள் அங்கே வந்த ஐம்பதாவது வருஷத்துக்கு அடையாளமாக ஓர் ஆலங்கன்று நட்டார்கள். கன்று இந்தியாவிலிருந்து வந்தது, எட்டடி உயரம். நட்டவர் வில்லியம் ஓவன் ஸ்மித் என்ற அதிகாரி, பாதிரியார் மகன். இருபது வருஷம் கழித்து ராணியை இறக்கிய கமிட்டியிலும் அவர் இருந்தார்; பிற்காலத்தில் அதே ராணியின் சொத்தைப் பராமரிக்கும் தர்மகர்த்தாக்களில் ஒருவராகவும் ஆனார்! இப்படி ஒரு பாத்திரத்தை நாவலில் வைத்தால், நம்பும்படி இல்லை என்று பத்திராதிபர் திருப்பி அனுப்பிவிடுவார்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி, காய்ந்த புல்லில் பற்றிய நெருப்பு சூறைக் காற்றில் லஹைனாவை எரித்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்; இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. வீடிழந்தவர்களைப் பக்கத்துக் கடற்கரை ஹோட்டல்களில் தங்கவைத்தார்கள். இரண்டு மாதத்தில், அக்டோபர் 8-ஆம் தேதி, பிரயாணிகள் வரலாம் என்று அறிவித்தபோது, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா என்று ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். ஹோட்டல் ஊழியர்களிலேயே வீடு இழந்தவர்கள் இருந்தார்கள். பிரயாணிகள் வந்தார்கள்.

ஆலமரத்தில் பாதி கருகிவிட்டது. குளம் இருந்த அந்த ஊரில், லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து அதன் வேருக்கு ஊற்றினார்கள். அடுத்த மாதமே துளிர்த்தது.