துறவியின் பட்டியல்

எண் கோட்பாட்டைக் கற்கப் புகுவோர்முன் தேற்றம், நிரூபணம், பயிற்சி என்ற வரிசையிலேயே பாடநூல் விரிகிறது. ஒரு தேற்றத்தை மனிதர் ஏன் தேடினர் என்ற வினாவுக்கு அங்கே விடையில்லை. அவ்விடையைத் தருவது வரலாறே.

6 என்னும் எண்ணைக் கருதுவோம். அதனை நீக்கி, அதன் வகுத்திகள் 1, 2, 3. கூட்டினால் மீண்டும் 6. 28-உம் அவ்வாறே: 1, 2, 4, 7, 14. இத்தகையவற்றை நிறைவெண்கள் என்றனர் கிரேக்கர். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதை விளக்குமிடத்தில் புனித அகுஸ்தினாரும் ஆறின் இந்நிறைவைச் சுட்டுகிறார்.

நிறைவெண்ணை ஆக்கும் வழியைக் கி.மு. 300 அளவில் யூக்ளிட் நிறுவினார். மூன்று இரண்டுகளைப் பெருக்கினால் 8. ஒன்றைக் கழிக்க 7. அது பகா எண். அதனை எட்டின் பாதியாகிய 4-ஆல் பெருக்க 28 கிடைக்கிறது. ஆயின், இவ்வாறு கழித்து வருவது எப்போதும் பகா எண்ணாக அமையுமா? அமையாது. பதினோரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அதுவோ 23, 89 ஆகியவற்றின் பெருக்கம்.

இந்த 23-உம் 89-உம் 22-இன் மடங்கைவிட ஒன்று மிகுந்தவை. 22 என்பது பதினொன்றின் இருமடங்கு. இவ்வொழுங்கைக் கண்டவர் துலூஸ் நகர நீதிமன்ற அலுவலர் பெர்மா. 1640-இல் பாரிசிலிருந்த மினிம் சபைத் துறவி மெர்சேனுக்கு இதனை மடலில் தெரிவித்தார். இதன் துணையால், முப்பத்தேழு இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்த எண்ணை 223 மீதியின்றி வகுக்கும் என்றும் கண்டார். மாணவர் இன்று மனனம் செய்யும் ‘பெர்மாவின் சிறு தேற்றம்’ இத்தேடலிலேயே பிறந்தது.

1644-இல் மெர்சேன் ஒரு பட்டியலை வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளுள் பதினொன்று மட்டுமே பகா எண் தரும் என்றார். அது பிழையுடையது. 67, 257 ஆகிய இரண்டும் தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டன. 67-ஆம் அடுக்குக்குரிய எண்ணின் காரணிகளை 1903-இல் கோல் என்னும் அமெரிக்கர் வெளிப்படுத்தினார். பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட 1947 வரை, அதாவது 303 ஆண்டுகள் ஆயின.

எனினும் அவ்வகைப் பகா எண்கள் இன்றும் மெர்சேன் பெயரையே தாங்குகின்றன. 2024-இல் அறிவிக்கப்பட்ட 52-ஆவது எண் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்டது. ஒற்றைப்படை நிறைவெண் உண்டா என்ற பழைய வினாவோ இன்னும் விடையின்றி நிற்கிறது.

பிழையற்றவர்க்கே கணிதம் உரியது என்றெண்ணி விலகும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்ல வேண்டும். அத்துறவியின் பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்த முற்பட்டோரின் உழைப்பாலும் எண் கோட்பாடு வளர்ந்தது. தேற்றத்தின் பின்னே தேடிய மனிதரைக் காணும் மாணவன், தன் பிழைக்கு நாணித் தாளைக் கிழிக்கமாட்டான்; மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பான்.