தேயிலை மலைக்கு மின்கற்றல் வந்த கதை



பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருந்தால் தோட்ட நிருவாகமே பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தோன்றியது. இந்த மலையின் தமிழ்ப்பள்ளி வரலாறு அக்காலத்தில் வேர்கொண்டது.

கருவிகள் பின்னர் அலையலையாக வந்தன. 1972இல் கல்வித் தொலைக்காட்சி. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது மடிக்கணினி, குறுவட்டு. (அன்று எங்களை அச்சுறுத்தியது கணினியன்று, மொழி, அது தனிக்கதை.) 2011இல் அரசு தொடங்கிய பெஸ்தாரிநெட் இணையத் திட்டம் 2019இல் முடிவுற்றது. இவற்றை மாணவர் கொண்டாடினர்; ஆசிரியர்களாகிய நாங்கள் கூடுதல் வேலையாகக் கண்டோம். பெற்றோருக்கோ அது பள்ளிக்குள் நடக்கும் ஏதோ ஒன்று.

18.3.2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின், அந்த 'ஏதோ ஒன்று' வீட்டுக்குள் நுழைந்தது. 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று கல்வி அமைச்சின் கணக்கெடுப்பு காட்டியது. என் வகுப்பில் பல வீடுகளுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் காலையில் அப்பாவோடு தேயிலைக் காட்டுக்குப் போய்விடும். இரவில் வந்த பயிற்சிகளைத் 'தாமதம்' என்றே குறித்து வந்தேன்.

ஒருநாள் ஒரு தாயின் குரல்பதிவு புலனத்தில் வந்தது: "சார், புள்ள சாயங்காலமே எழுதிட்டான். மேட்டுக்கு ஏறுனாத்தான் லைன் கெடைக்குது. மழ விட்டதும் போயி அனுப்புறேன்."

அன்றிரவே பதிவேட்டில் 'தாமதம்' என்னும் பத்தியை அடித்துவிட்டேன்.