மாதோட்டமும் மேனாட்டு நகரங்களும்

நானாட்டான் வயல்களுக்கு நீர் வார்க்கும் கட்டுக்கரைக் குளத்தை மன்னார்ப் பகுதியில் அறியாதார் இலர். அதற்கு வடமேற்கே, திருக்கேதீச்சரத்தின் அருகே கிடக்கும் மண்மேடோ பலர் கண்ணுக்கு வெறும் மேடு. அதுவே மாதோட்டம். வெனிசும் புரூசும் வணிகத்தால் வளர்ந்த கதையைப் படிக்கும் நம் மாணவர், தம் வயலோரத்து நகரின் கதையையும் அறிதல் வேண்டும்.

1980 முதல் 1984 வரை அங்கு நடந்த அகழாய்வில் சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமும் ஒருங்கே கிடைத்தன. பின்னர் கிடைத்த ஒரு கிராம்பு, கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று கணிக்கப்பட்டது. கிராம்பு அந்நாளில் கிழக்கே மொலுக்காத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. கீழ்க்கடலும் மேல்கடலும் சந்தித்த சந்தை இஃது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நகரென்பது கப்பல்களால் மட்டும் ஆவதன்று. தொழிலாளரும் வணிகரும் கூடி வாழ்வதால் ஆவது. சோழர் காலத்தில் இராசராசபுரம் என வழங்கிய மாதோட்டத்தில் தாழிகுமரன் என்பான் ஒரு சிவன் கோயிலை எடுப்பித்தான். அக்கோயிற் கல்வெட்டு எண்ணெய் வணிகராகிய சங்கரபாடியாரையும், வெற்றிலை வாணியரையும், வாழைக்காய் வாணியரையும் குறிப்பிடுகின்றது. மேனாட்டு நகரங்களிலும் தொழில்தோறும் இவ்வாறே குழுக்கள் இருந்தன. வடகடல் வணிகர் ஹன்சா என்னும் கூட்டுறவு அமைத்தனர்; அதற்கு முன்னரே நம் கடல்களில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் கணம் உலவியது.

அங்ஙனமாயின், ஐரோப்பிய நகரங்கள் கண்விழித்த 11ஆம் நூற்றாண்டில் மாதோட்டம் கண்ணயர்ந்தது ஏன்? மேனாட்டு நகரங்கள் பல, மன்னரிடமும் பிரபுக்களிடமும் உரிமைப் பட்டயம் பெற்றுத் தமக்கெனச் சபையும் நீதிமன்றமும் அமைத்துக்கொண்டன. மாதோட்டமோ அனுராதபுரத்தின் கடல்வாயில். அத்தலைநகர் வீழ்ந்து, ஆட்சிப்பீடம் கிழக்கே பொலன்னறுவைக்கு மாறியதும் வாயிலுக்கு வேலை குறைந்தது. இதுவே தலையாய காரணம் எனலாம். எனினும் பட்டயம் ஒன்றே நகரைக் காத்துவிடும் என்பதும் இல்லை. புரூசு நகரின் கடல்வழி மணலால் தூர்ந்தபோது அதன் வணிகமும் அந்துவெர்ப்புக்குச் சென்றது. அரசும் வழியும் மாறும். இரண்டும் மாறும்போது நிலைக்கும் நகரங்கள் சிலவே.

2020இல் நானாட்டானில் நிலம் அகழ்ந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட பழங்காசுகள் வெளிப்பட்டன. அவை பாண்டியர் காசுகள் என அறிஞர் கருதினர். ஒரு பிடி காசு ஒரு நூலுக்கு நிகர். ஆனால் அது கிடைத்த இடமும் ஆழமும் மறைந்துவிட்டால், அந்நூலின் ஏடுகள் கிழிந்துபோம். ஆதலின், கிணறு தோண்டுகையில் ஓர் ஓட்டுத்துண்டு கிடைப்பினும் எறிந்துவிடாது அறிந்தோரிடம் காட்டுதல் நம் கடன். வெனிசின் வரலாறு ஏடுகளில் உள்ளது. நம் வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்ளேயே உள்ளது.