காவியும் கறுப்பங்கியும்

சமயம் போதிக்க வருவோன் எத்தகைய தோற்றத்தோடு மக்கள்முன் நிற்றல் வேண்டும் என்னும் வினா, தமிழகத்தில் ஒரு காலத்தில் உரோமாபுரி வரை சென்று வழக்காடப்பட்டது. தமிழ் உரைநடையின் வரலாற்றைப் பயிலும் மாணவர் தத்துவ போதகர், வீரமாமுனிவர் ஆகியோரின் நூற்பெயர்களை மனப்பாடம் செய்வர். அப்பெரியோர் உடுத்திய உடையின் பின்னே கிடந்த பூசலை அறிந்தோர் சிலரே.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரிலிருந்து தொடங்குவோம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஒட்டுப்போட்ட அங்கியுடன் பரதவர் ஊர்களில் நடந்தே திரிந்தார். 1545இல் மலாக்காவுக்கு வந்தபோதும் அவர் கோலம் அதுவே. ஆயின் 1551இல் சப்பானில் யமகுச்சி நகரத் தலைவனைக் காணச் சென்றபோது பட்டுடை உடுத்துப் பரிசிற்பொருளோடு சென்றார். முன்னம் கந்தலுடன் சென்ற காலத்தில் அங்கு அவரை மதிப்பார் இலர். பரதவரிடையே பெருமை தந்த எளிமை, அங்கே இழிவாகக் கொள்ளப்பட்டது. 1553இல் அவருடல் சில காலம் கிடந்த மலாக்காக் குன்றின்மீது ஏறிப் பார்க்கும் மாணவர், இச்செய்தியையும் நினைவிற் கொள்ளலாம்.

மதுரையில் சிக்கல் வேறு. அங்கே 1595 முதல் பெர்னாண்டஸ் என்னும் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் கோயிலும் பள்ளியும் நடத்தி வந்தார். நல்லவர்; உழைப்பாளி. எனினும் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் நகர மக்கள் அவரை அணுகினாரல்லர். காரணம் ‘பறங்கி’ என்னும் ஒரு சொல். மாட்டிறைச்சி உண்போன், மது அருந்துவோன், நீராடாதோன், தோற்செருப்பு அணிவோன் என்னும் பொருள்களெல்லாம் அச்சொல்லில் அடங்கியிருந்தன. கிறித்தவ நெறியே ‘பறங்கி மார்க்கம்’ எனப்பட்டது.

1577இல் உரோமையில் உயர்குடியிற் பிறந்த இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். நிலைமையை விரைவில் உணர்ந்தார். கறுப்பங்கியையும் தோற்செருப்பையும் களைந்தார், காவி உடுத்தார், பாதக்குறடு, தண்டம், கமண்டலம் ஆகியவற்றை ஏற்றார். புலால் நீத்து, நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் உண்டார். சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி கற்றார். தாம் பறங்கியர் அல்லர், உரோமையில் அரசகுலத்திற் பிறந்தவர் என ஓலையில் எழுதி வீட்டு வாயிலில் ஒட்டினார். ‘பாதிரி’ என்பதினும் ‘ஐயர்’, ‘குரு’ என்று அழைக்கப்படுவதையே விரும்பினார்.

இது வேடமன்றோ என்று வினவுவார் அன்றும் இருந்தனர். பெர்னாண்டசே 1610இல் மேலிடத்துக்கு முறையிட்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயச் சின்னங்களா, அன்றிக் குலமரபுச் சின்னங்களா என்பதே வழக்கு. 1619இல் கோவாவில் பேரவை கூடி வாதிட்டது. இறுதியில் 1623 சனவரி 31ஆம் நாள் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் அவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். அதே ஆணையில், உயர்குலத்தார் எளியோரை இகழாதிருக்கவும் அவர் கேட்டுக்கொண்டார் என்பது பலரும் எடுத்துரையாத செய்தி.

அவ்வேண்டுகோளுக்குக் காரணம் உண்டு. அந்தணர் போற்றும் சந்நியாசிக் கோலத்தை மேற்கொண்டவர், தாழ்த்தப்பட்டோர் குடிசைக்குள் வெளிப்படையாகச் செல்ல இயலாது. உடையை ஏற்றதும் அவ்வுடைக்குரிய தீண்டாமையும் உடன் வந்து சேர்ந்தது. இதற்கு மாற்றாக 1640 முதல் ‘பண்டாரசுவாமி’ என்னும் இரண்டாம் வகைக் குருமார் தோன்றினர். பல்தசார் தெ கோஸ்தா அவருள் முதல்வர். இவர்கள் எல்லாக் குலத்தாரோடும் பழகும் உரிமை பெற்றனர். 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு மாண்ட அருளானந்தர் இவ்வகையினரே. ஒரே சபையின் துறவியர் மேற்குலத்தார்க்கு ஒரு கோலமும் ஏனையோர்க்கு ஒரு கோலமுமாகப் பிரிந்து நின்றது நமக்கு உறுத்தலாகவே உள்ளது. நொபிலியின் அறிவாற்றலைப் போற்றும் நூலாசிரியர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். அது நேர்மையன்று.

ஆயினும் காவித் துணி ஒன்றினாலேயே நொபிலி வென்றார் எனல் பொருந்தாது. அத்துணிக்குள் இருந்தவர் தமிழில் வாதிடவும் நூல் எழுதவும் வல்லவர். ‘ஞானோபதேசம்’ முதலிய அவர்தம் நூல்களில் வடசொற்கள் மிகுதியே. எனினும் தமிழ் உரைநடை நுண்பொருள் பேசக் கற்ற காலம் அது. உடை வாயிலைத் திறந்தது; உள்ளே அமர இடந்தந்தது மொழி.

1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவரைப் பற்றிய கதை இன்னும் சுவையானது. முத்துக்கடுக்கன், பட்டாடை, புலித்தோல், பல்லக்கு, வெண்குடை என 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு அவரை ஓர் அரசகுருவாகவே காட்டுகிறது. முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்து எழுந்த நூல் அது. ஆய்வாளர் பலர் அதன் வருணனைகளை ஐயத்தோடே நோக்குவர். அம்முனிவர் உபதேசியாருக்கென எழுதிய கைந்நூலுக்கு இட்ட பெயர் ‘வேதியர் ஒழுக்கம்’. உடையைப் பெயராக்காது ஒழுக்கத்தையே பெயராக்கினார். குருவின் கோலமும் பட்டமும் இருந்தும் அறிவு சிறிதும் இல்லாத ஒருவரைப் ‘பரமார்த்த குரு’வாக்கி நம்மைச் சிரிக்க வைத்தவரும் இவரே!

கறுப்பங்கியைக் களையாமலே மதிப்புப் பெற்றவரும் உண்டு. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், கருஞ்சாயம் தோய்த்த முரட்டுத் துணியில் உடை தைத்து அணிந்தார்; கட்டில் கொள்ளுமளவே இடமுள்ள சிற்றறையில் வாழ்ந்தார்; சோறும் காய்கறியும் உண்டார். 1779இல் ஆங்கிலேயர் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்றபோது, இவர் தம்மை ஏமாற்றார் என ஐதர் அலி நம்பினார். இறக்குந் தறுவாயிலிருந்த தஞ்சை மன்னர் துளசாசி, தம் தத்துப்புதல்வர் சரபோசியை இவரிடம் அடைக்கலமாக ஒப்புவிக்க விழைந்தார். 1798இல் இவர் மறைந்தபின், சரபோசி இலண்டனிலிருந்து பளிங்குச் சிற்பம் வருவித்துத் தஞ்சைக் கோயிலில் நிறுவினார்.

இப்பூசல் பதினெட்டாம் நூற்றாண்டோடு ஒழியவில்லை. 1921இல் திருப்பத்தூரில் சேசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமம் அமைத்துக் கதர் உடுத்தனர். 1950இல் குளித்தலை அருகே சாந்திவனத்தில் பிரெஞ்சுத் துறவியர் இருவர் மீண்டும் காவியைத் தேர்ந்தனர்.

லாயாங் லாயாங் போன்ற ஜொகூர்த் தோட்டப்புறங்களில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு சொல். 1968இல் சென்னையில் கூடிய இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் வீரமாமுனிவர்க்குச் சிலை எழுந்தது. நீண்ட தாடியும் தளர்ந்த அங்கியுமாக அவர் அங்கே நிற்கிறார். அப்படத்தை வகுப்பிற் காட்டும்போது, அவர் பெயரை மட்டும் கேளாமல், இத்தாலியில் பிறந்த ஒருவர் இவ்வுடையில் ஏன் நிற்கிறார் என்றும் மாணவரைக் கேட்டுப் பாருங்கள்.